தொழிலுக்குப் பெயர் வைத்துத் தரும் சேவை: கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா?

அக்காவும் மாமாவும் பெருந்துறைப் பக்கம் மரச்செக்கு போட்டு கடலை எண்ணெய், நல்லெண்ணெய், கூடவே இட்லிப் பொடி, பருப்புப் பொடி என்று ஆரம்பிக்கிறார்கள். லேபிள் அச்சுக்குப் போகும் முன் பெயர் வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்லி யாரும் விட்டுக்கொடுக்காததால், கோயம்புத்தூரில் இதையே தொழிலாகச் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்திடம் போனோம். பெயர், லோகோ, லேபிள் டிசைன் மூன்றும் சேர்த்து 25,000 ரூபாய். குறை நிறை இரண்டும் சொல்லப்போவதால் நிறுவனம் எது என்று இங்கே எழுதவில்லை. இந்த மாதிரி சேவை இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது, எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

நல்ல பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தப் பெயர் நமக்கே சொந்தமாகுமா என்று பார்ப்பதில்தான் பாதியோடு நிறுத்திவிட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். போனதும் அவர்கள் கேட்டது லோகோ நிறம் பற்றியோ மீனிங் பற்றியோ இல்லை, "உங்க எண்ணெயை ஒருத்தர் இன்னொருத்தருக்கு எப்படிச் சொல்லுவாங்க மேடம்?" என்று அக்காவிடம் கேட்டார்கள். போனில்தான் சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புவார்கள். அப்படியென்றால் காதில் ஒரு முறை விழுந்ததும் எழுதத் தெரிய வேண்டும். அதை அங்கேயே சோதித்தும் காட்டினார்கள். 'கழனி' என்ற பெயர் மாமாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஓசூர், பெங்களூர், சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அக்காவையே போன் போடச் சொல்லி, பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் டைப் செய்து அனுப்பச் சொன்னார்கள். வந்தவற்றில் ழகரத்துக்கு ஒருவர் ஒற்றை எல், இன்னொருவர் இசட், மூன்றாமவர் இசட்டோடு எச். கூகுளில் தேடுகிறவர் இதில் எதை அடிப்பார்? மாமா முகம் வாடிப்போனது, ஆனால் அதற்கு மேல் அந்தப் பெயருக்காக அவர் வாதாடவில்லை. பட்டியலில் இருந்த எல்லாப் பெயரையும் இப்படியே வடிகட்டினார்கள். கொடுத்த காசில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலைக்கே தகும் என்பேன். இதை வீட்டில் உட்கார்ந்து நாமே செய்யலாம், செலவே இல்லை, ஆனால் செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை.

ழகரம் இருந்தால் பெயரே வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈரோட்டைத் தாண்டாத வியாபாரம், போர்டும் பில்லும் தமிழில்தான் என்றால் தாராளமாக வைக்கலாம். பெங்களூருக்குக் கூரியர் அனுப்பப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, 'சுத்தமான செக்கு எண்ணெய்', 'இயற்கை எண்ணெயகம்' மாதிரிப் பெயர்களை எடுத்த எடுப்பிலேயே ஓரம் கட்டினார்கள். இது ரொம்பச் சரி. பொருளின் தன்மையை அப்படியே சொல்கிற பெயரை 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் (ஒரு பெயரை நம் சரக்குக்கென்று சட்டப்படி சொந்தமாக்கும் பதிவு) சட்டத்தின் 9ஆம் பிரிவு சாதாரணமாகப் பதிய விடாது, ஏனென்றால் செக்கு போடுகிற எல்லோருக்கும் அந்த வார்த்தைகள் வேண்டும். வருஷக்கணக்காகப் புழங்கி அந்தப் பெயர் என்றாலே உங்கள் கடைதான் என்று ஆகியிருந்தால் விதிவிலக்கு உண்டு, புதிதாக ஆரம்பிப்பவருக்கு அது எங்கே கிடைக்கும்? ராம்ராஜ் (வேட்டி), சிக் (ஷாம்பு), ஜோஹோ (மென்பொருள்) எதிலாவது விற்கிற சரக்கின் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஜோஹோவே 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009இல்தான் கம்பெனிப் பெயரை ஜோஹோ என்று மாற்றியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது முடிந்தது. நம் அளவில் பெயரை மாற்றுவதென்றால் அச்சடித்த லேபிள், பாட்டில் ஸ்டிக்கர், பில் புக், போர்டு, உணவுப் பாதுகாப்பு உரிமத்தில் இருக்கும் பெயர் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

இனி குறை. பெயரை இறுதி செய்து கொடுக்கும்போது "டிரேட்மார்க் செக் பண்ணியாச்சு, கிளியர்" என்று எழுதியே கொடுத்தார்கள். அதை நம்பி அப்படியே அச்சுக்குப் போகாமல் ஈரோட்டில் ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் காட்டியதில்தான் விஷயம் தெரிந்தது. அரசின் டிரேட்மார்க் இணையதளத்தில் அவர்கள் பார்த்தது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று மட்டும். வக்கீல் அதே அரசு இணையதளத்தில், அதே இலவசத் தேடலில், ஒலி ஒற்றுமையைப் பார்க்கும் பொனெட்டிக் தேடலைப் போட்டார். ஒரு எழுத்து மட்டும் வேறு, வாயில் சொன்னால் இரண்டும் ஒன்றே, அப்படி ஒரு பெயர் சமையல் எண்ணெய் வருகிற 29ஆம் வகுப்பிலேயே (டிரேட்மார்க் பதிவில் சரக்குகளையும் சேவைகளையும் எண் போட்டுப் பிரித்திருக்கும் பிரிவு) முன்பே பதிவாகியிருந்தது. அக்கா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒத்துப்போனால் சிக்கல் என்பது புதிய விஷயம் இல்லை. 'அமிர்ததாரா' என்ற மருந்துக்காரர் 'லக்ஷ்மண்தாரா' என்ற பெயரை எதிர்த்த வழக்கில் 1962இலேயே உச்ச நீதிமன்றம், அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாதாரண ஆள் இரண்டையும் குழப்பிக்கொள்வார் என்றது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பெங்களூரின் நந்தினி டீலக்ஸ் ஹோட்டல் மீது கர்நாடகப் பால் கூட்டமைப்பு தன் 'நந்தினி' பாலை வைத்து ஆட்சேபம் எழுப்பியது. 2018இல் உச்ச நீதிமன்றம் ஹோட்டல் பக்கம் தீர்ப்புச் சொன்னது, பால், பால் பொருட்களுக்கு மட்டும் அந்தப் பெயர் கிடையாது என்ற அளவில். அதாவது பெயர் ஒன்றாக இருப்பதோடு முடிவதில்லை, எந்தச் சரக்கு, யார் வாங்குகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எங்கள் விஷயத்தில் சரக்கும் எண்ணெய், அங்கேயும் எண்ணெய். தப்பிக்க வழியில்லை.

வக்கீல் கண்டுபிடித்ததைப் பெயர் வைத்துக் கொடுத்த நிறுவனத்திடம் காட்டியபோது அவர்கள் மழுப்பவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கூடுதல் காசு கேட்காமல் பட்டியலில் அடுத்திருந்த பெயரை எடுத்து, வக்கீல் பார்த்துச் சரி என்ற பிறகு லோகோவை மாற்றி வரைந்தார்கள். இருந்தாலும் "செக் பண்ணியாச்சு" என்று எழுதிக் கொடுக்கிற இடத்தில் எதைத் தேடினோம், எந்த வகுப்பில் தேடினோம் என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும். லேபிள் அச்சாகியிருந்தால் அந்த நஷ்டம் முழுக்க அக்கா தலையில்தான்.

அவர்கள் சொல்லாமல் விட்ட இன்னொன்று: ஜிஎஸ்டியில் வர்த்தகப் பெயராகப் போட்டுவிட்டால் பெயர் நம்முடையது ஆகிவிடாது. பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரைவேட் லிமிடெட் ஆரம்பிப்பவர்கள் கம்பெனி விவகாரத் துறையில் 1,000 ரூபாய் கட்டி இரண்டு பெயர் கொடுக்கலாம், ஏற்றுக்கொண்டால் 20 நாள் ஒதுக்கி வைப்பார்கள், ஆனால் அதுவும் டிரேட்மார்க் ஆகாது. டிரேட்மார்க் விண்ணப்பம் தனி. தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். எண்ணெய் 29இல் வருகிறது, பொடி 30இல் வருகிறது, அதனால் எங்களுக்கு 9,000. பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை போடுவதானால் அது 43. பரிசீலனை முடிந்து டிரேட்மார்க் ஜர்னலில் (விண்ணப்பங்களை வெளியிடும் அரசு இதழ்) வந்த பின் நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எங்களுடையது இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை, அதனால்தான் பெயரை இங்கே சொல்லவில்லை. பதிவானால் பத்து வருஷம், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

எண் கணித ஜோதிடமும் (நியூமராலஜி) அந்த நிறுவனத்திடம் தனிக் கட்டணத்துக்கு உண்டு. அக்காவின் மாமியார் ஆசைப்பட்டதால் பார்த்தோம். கூட்டுத்தொகை சரியாக வர ஆங்கிலத்தில் ஒரு ஏ கூடுதலாகப் போடச் சொன்னார்கள். பெரியவர்கள் மனசு நிறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் போன் போட்டு வடிகட்டிய வேலையெல்லாம் அந்த ஒரு எழுத்தால் வீணாகிறது, டைப் செய்கிறவருக்கு அந்த இரண்டாவது ஏ எப்படித் தெரியும்? கடைசியில் எழுத்தை விட்டுவிட்டு, அத்தை சொன்ன நாளில் செக்கு ஓட்டத் தொடங்குவது என்று பேசி முடித்தோம்.

லேபிள் டிசைன் அருமை, அதில் ஒரு குறையும் இல்லை. போர்டில்தான் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் அடியில் பொடி எழுத்திலும் வந்தது. தமிழ்நாட்டுக் கடைப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில். சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள்.

போகலாமா என்று கேட்டால், வெளியூருக்கும் விற்கப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஒரு தெருவுக்குள் நடக்கும் கடைக்கு இவ்வளவு செலவு வேண்டாம், குலசாமி பெயரோ அம்மா பெயரோ போதும், ஆட்கள் கடைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள். போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இரண்டை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, எந்தெந்த வகுப்பில், ஒலி ஒற்றுமையோடு தேடினார்கள் என்பது. இன்னொன்று, லோகோவின் பதிப்புரிமையை (காப்பிரைட்) உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் கடிதம். எங்களுக்கு அந்தக் கடிதம் கேட்ட பிறகுதான் வந்தது.