லிஃப்ட் பண்ண வண்டில டபுள் கார்டன் ஷாப்ட், ஒரு வருஷம் ஓட்டுன அனுபவம்

என் ஃபோர் வீல் டிரைவ் வண்டிய 4 இஞ்ச் தூக்குனப்ப (அதான் லிஃப்ட்) எல்லாரும் டயரைத்தான் பாத்தாங்க, நானும்தான், கீழ முன்பக்க புரொபெல்லர் ஷாப்ட் (சக்திய முன் ஆக்ஸிலுக்கு கொண்டுபோற சுத்துற தண்டு) எந்த கோணத்துல தொங்குதுன்னு குனிஞ்சு பாக்கணும்னு தோணவே இல்ல. கம்பெனில வந்தது ரப்பர் பூட் (கிரீஸ உள்ள வெக்கிற உறை) போட்ட ருசெப்பா ஜாயின்ட், முன்வீல் இழுக்குற கார் ஆக்ஸில்ல இருக்குமே அந்த குண்டு போட்ட ஜாதி. சும்மா சொல்லக்கூடாது, அதிர்வே இல்லாம சுத்தும். ஆனா எப்பவும் அவ்ளோ மடங்கியே ஓடுனா சூடேறும், பூட் கசங்கிக் கசங்கி விரிசல் விட்ரும். என் வண்டில ஹப் லாக் (முன்வீல ஆக்ஸில்லேர்ந்து பிரிச்சு விடுற அமைப்பு) வேற கிடையாது, டூ வீல் டிரைவ்ல போனாலும் முன் ஷாப்ட் சுத்திக்கிட்டேதான் இருக்கும். மூணாவது மாசம் ஒரு கருகுன வாடை, படுத்துப் பாத்தா சைலன்சர் குழாய் மேல கோடு போட்ட மாதிரி கிரீஸ் விசிறி அடிச்சிருக்கு. பூட் மட்டும் மாத்துனேன், அதுவும் கிழிஞ்சுது.

சாதா கிராஸ் (கூட்டல் குறி மாதிரி இருக்குற மடங்குற ஜாயின்ட்) ரெண்டு முனைலயும் போட்ட ஷாப்ட் வாங்கலாம்னுதான் முதல்ல நெனச்சேன். அதுல சிக்கல் என்னன்னா ஒத்த கிராஸ் மடங்கி சுத்துறப்ப ஒரே வேகத்துல சுத்தாது, 20 டிகிரில 1000 ஆர்பிஎம் குடுத்தா வெளிய 940க்கும் 1064க்கும் நடுவுல ஊசலாடும், அதுவும் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ. ரெண்டு முனைலயும் கோணம் சமமா இருந்து யோக்கும் (கிராஸப் புடிச்சுக்குற கவட்டை) நேருக்கு நேர் இருந்தா கடைசில கணக்கு சரியாயிடும், ஆனா நடுவுல இருக்குற குழாய் வேகம் கூடிக் கொறஞ்சுதானே சுத்தியாகணும், ஹைவேல அது உடம்புக்கே தெரியும்.

அதனால டபுள் கார்டனுக்குப் போனேன். அதுல ட்ரான்ஸ்பர் கேஸ் (சக்திய முன் பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கிற பெட்டி) பக்கம் ரெண்டு கிராஸ் முதுகோட முதுகா உக்காந்து கோணத்த பாதி பாதியா பிரிச்சுக்கும், அதான் மேட்டரே. பினியன் (ஆக்ஸில்ல ஷாப்ட் வந்து மாட்டுற கியர்) பக்கம் ஒத்த கிராஸ்தான், அதனால பினியன் மூக்கு ஷாப்ட்ட நேரா பாத்துக்கிட்டு இருக்கணும். இங்கதான் நான் மாட்டுனேன், பினியன மேல திருப்புனா காஸ்டர் (ஸ்டியரிங் அச்சோட பின்சாய்வு) கொறையுது, ஸ்டியரிங் நேரா நிக்காம அலையுது! கடைசில பினியன் நேரா பாக்குறதுல 2 டிகிரி விட்டுக்குடுத்துட்டேன், 90 தாண்டுனா லேசா ஒரு ஹம் வருது, ரேடியோ போட்டா கேக்காது.

முதல்ல வாங்குன இடத்துல கோணமே கேக்காம 1350 சைஸ் (கிராஸோட அளவு நம்பர், 1310ஐ விட பெருசு) அனுப்பிட்டாங்க, பெருசுதான் நல்லதுங்குற நெனப்பு போல. 1310ல கிராஸ் அகலம் 3.219 இஞ்ச், அதோட முனைல இருக்குற பேரிங் கப் விட்டம் 1.062, 1350ல 3.625க்கு 1.188, பலம் கூடத்தான், இல்லன்னு சொல்லல, ஆனா யோக் காது தடிமனா இருக்கறதால சீக்கிரம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். வண்டிய ஜாக்ல தூக்கி வீல முழுசா தொங்கவிட்டு கையால சுத்துனேன், முக்கால் சுத்துல "டக்"னு நின்னுச்சு, யோக் காதுல பெயின்ட் போயி நகக்கண் அளவுக்கு பளபளன்னு ஒரு கடி. திருப்பி அனுப்பி 1310 வாங்குனேன், சுத்தமா சுத்துது. ராட்சச டயர், பெரிய இன்ஜின்னு போறவங்க 1350 பாக்கலாம், ஆனா மாட்டுன உடனே இந்த தொங்கவிடுற டெஸ்ட்ட பண்ணிருங்க. நீளத்தையும் லிஃப்ட் போட்டப்புறம் நாலு டயரும் தரைல நிக்கறப்பவே அளந்து குடுங்க.

பராமரிப்புதான் கடுப்பு. ரெண்டு கிராஸுக்கு நடுவுல ஒரு சென்டரிங் பால் இருக்கு, அதோட நிப்பிள் (கிரீஸ் ஏத்துற முனை) எங்கயோ உள்ள ஒளிஞ்சிருக்கும், சாதா கிரீஸ் கன் போகவே போகாது, ஊசி முனை நாசில் வேணும். ஒரு தடவ தண்ணில எறக்கிட்டு கிரீஸ் வெக்காம விட்டேன், மெதுவா போறப்ப குருவி கத்துற மாதிரி கீச் கீச்னு சத்தம், நான் பிரேக்குன்னு நெனச்சு பேட கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேன். இப்ப தண்ணில எறக்குனா அன்னிக்கே ஊசிய எடுத்துருவேன்.

அஞ்சுக்கு நாலு, ஒரு மார்க்க அந்த நிப்பிள வெச்ச புண்ணியவானுக்காக கொறச்சிருக்கேன்.