நாலு மணி நேர வீடியோ ஒரே டிவிடியில் ‘ஃபுல் குவாலிட்டி’யா? காசு கொடுக்கும் முன் வகுத்துப் பாருங்கள்

வீடியோவை டிவிடியாகப் போட்டுத் தரச் சொல்லி வெளியில் கொடுப்பவர்கள் கவனத்துக்கு. நான் கொடுத்தது 3 மணி 50 நிமிட வீடியோ. ‘பிட்ரேட் 9800, ஃபுல் குவாலிட்டி’ என்று ஒரே டிஸ்க்கில் எழுதிக் கொடுத்தார்கள். (பிட்ரேட் என்றால் ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா; 9800 என்றால் 9800 கேபிபிஎஸ், அதாவது விநாடிக்கு 9800 கிலோபிட்.) ஆட்கள் அசையாமல் நின்றால் படம் சுமார். கூட்டம் நகர்ந்தாலோ கேமரா திரும்பினாலோ முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. இருட்டான காட்சியில் சுவர் கொதிக்கிற மாதிரி இருக்கிறது. கேட்டால், மீடியாஇன்ஃபோ என்ற, ஃபைல் விவரம் காட்டும் சாஃப்ட்வேரைத் திறந்து 9800 என்ற எண்ணைக் காட்டுகிறார்கள்.

ஏமாற்று அந்த எண்ணில்தான். விபிஆர் முறையில் (காட்சிக்கு ஏற்ப பிட்ரேட் ஏறி இறங்கும் முறை) எழுதிய எம்பெக்-2 வீடியோவின் (டிவிடியில் வரும் வீடியோ வகை) ஹெடரில், அதாவது தலைப்புக் குறிப்பில், பெரும்பாலும் பதிவாவது உச்ச பிட்ரேட், சராசரி அல்ல. டிவிடியில் வீடியோவுக்கு அனுமதியே 9.8 எம்பிபிஎஸ் (9800 கேபிபிஎஸ்) வரைதான். ஆகவே உச்சத்தை 9800 என்று வைத்தால் எந்தக் குப்பை டிஸ்க்கும் 9800 காட்டும்.

கணக்கு பொய் சொல்லாது. இந்த டிஸ்க்கில் வாப் ஃபைல்கள் (டிவிடியில் படமும் ஒலியும் இருக்கும் ஃபைல்கள்) மொத்தம் 440 கோடி பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 8-ஆல் பெருக்கி, 3 மணி 50 நிமிடத்தின் 13,800 விநாடியால் வகுத்தால் சுமார் 2550 கேபிபிஎஸ், அதுவும் படம், ஒலி எல்லாம் சேர்த்து. ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் (சுருக்காத ஒலி வகை) ஆகவே விட்டிருக்கிறார்கள்; அதுவே 1536 தின்றுவிடுகிறது. 720×576 படத்துக்கு மிஞ்சியது 1000 கேபிபிஎஸ். உடையாமல் என்ன செய்யும்? ஒலியை ஏசி-3 என்ற சுருக்கிய வகையில், 192 கேபிபிஎஸ்-இல் வைத்திருந்தாலே படத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும்.

சண்டை போட்டபின் இரண்டு டிஸ்க்காகப் பிரித்துத் தந்தார்கள். இப்போது வேறு கோளாறு. பிசிஎம் அப்படியே, உச்ச பிட்ரேட்டும் 9800. இரண்டையும் கூட்டினால் 11,336. டிவிடியில் எல்லாம் சேர்த்து 10,080-ஐத் தாண்டக் கூடாது. பரபரப்பான காட்சி வந்ததும் பிளேயர் திக்கி நிற்கிறது. கேட்டால், எழுதப் பயன்படுத்திய வெற்று டிஸ்க் மேல் பழி போடுகிறார்கள்.

சரியான கணக்கு இது: ஒரு டிஸ்க் 470 கோடி பைட் (கம்ப்யூட்டரில் 4.38 ஜிபி என்று காட்டும், பயப்பட வேண்டாம்). வீடியோவில் பாதியான 115 நிமிடத்துக்கு மொத்தம் 5450 கேபிபிஎஸ். மெனு, மக்ஸிங் (படத்தையும் ஒலியையும் ஒன்றாகச் சேர்ப்பது) வகைக்கு 4 சதவீதம், ஒலிக்கு 192 கழித்தால் படத்துக்குச் சராசரி 5000. டூ-பாஸ் விபிஆர் (வீடியோவை முதலில் ஒருமுறை அலசிவிட்டு, இரண்டாம் முறை எழுதுவது), உச்சம் 8000. ஒரு மணி நேர வீடியோ என்றால் இடம் நிறைய இருக்கும், அதற்காக 9800-க்கு ஏற்ற வேண்டாம்; 8000 சிபிஆர் (பிட்ரேட் மாறாமல் ஒரே அளவில் இருப்பது) போதும், பழைய பிளேயரும் திக்காது. ஒரே டிஸ்க்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் படத்தின் அளவை 352×576-க்கு இறக்கி 2400 கேபிபிஎஸ்-இல் போடச் சொல்லுங்கள். படம் கொஞ்சம் மழுங்கும், ஆனால் உடையாது.

திருத்தித் தரும்போது முதல் டிஸ்க்கிலிருந்தே மறுபடி எடுக்கிறார்களா என்று பாருங்கள். அதில் போன விவரம் எத்தனை பிட்ரேட் கொடுத்தாலும் திரும்பாது. மூல ஃபைலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த மூல ஃபைலின் ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். வாங்கும்போது ஆட்டமும் கூட்டமும் உள்ள காட்சியை டிவி பிளேயரில் போட்டுப் பார்த்தபின் மீதிப் பணத்தைக் கொடுங்கள். லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், 11,336-ஐயும் அது திக்காமல் ஓட்டிவிடும்.