பாஸ்வேர்டு: திருகிய பெயரா, குறளின் முதலெழுத்தா, பகடை போட்ட சொற்களா?

ஓய்வுபெற்ற ஆசிரியையான என் அத்தைக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது மின்னஞ்சல் கணக்கு பூட்டிக்கொள்ளும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ரேஷன் கார்டு உறைக்குள்ளிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார். பேரன் பெயர், அதில் ஒரு எழுத்துக்குப் பதில் @, கடைசியில் பிறந்த வருடம். அதற்குக் கீழே அதே பெயர் நான்கு விதமாகத் திருகப்பட்டு, மூன்று அடிக்கப்பட்டிருந்தன. எது இப்போது செல்லும் என்று அவருக்கே தெரியவில்லை. அன்று மாலை உட்கார்ந்து வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டோம்.

முதலில் அந்தத் திருகிய பெயர். இதைப் பழக்கிவிட்டது நாமல்ல. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2004இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பில் பர் என்பவர் எழுதிய பகுதிதான் பெரிய எழுத்து, எண், குறியீடு கட்டாயம், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற விதிகளை உலகம் முழுக்கப் பரப்பியது. அதற்காக வருந்துவதாக 2017இல் அவரே சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் அந்தக் கட்டாயங்களைக் கைவிடச் சொல்லிவிட்டது. காரணம் எளிது. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே வந்தன. மனிதர்கள் எதை எப்படித் திருகுவார்கள் என்பது அதில் பச்சையாகத் தெரிந்தது. பெயர், @, வருடம் என்ற வரிசையை, பாஸ்வேர்டு உடைக்கும் மென்பொருள்கள் முதல் சுற்றிலேயே முயன்றுவிடும். ஆக, அத்தைக்கு நினைவில் நிற்காத ஒன்று, திருடனுக்கு எளிதாக இருக்கிறது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

"அப்படின்னா ஒரு குறளோட முதலெழுத்துகளை வெச்சுக்கறேனே" என்றார் அத்தை. தமிழ் வாத்தியாருக்கு வேறென்ன தோன்றும்! ஒரு குறளுக்கு ஏழு சீர், ஆக ஏழு எழுத்து. பல தளங்கள் கேட்கும் எட்டுக்கே ஒன்று குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல், குறள்கள் மொத்தமே 1330. பின்னால் இரண்டு இலக்க எண், ஒரு குறியீடு என்று சேர்த்தாலும் அரைக் கோடிக்குள் கணக்கு முடிந்துவிடும். கணினிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு வரி, பழமொழி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

சொந்த வாழ்க்கையில் நடந்த, யாருக்கும் சொல்லாத ஒரு நீண்ட வாக்கியத்தின் முதலெழுத்துகள் என்றால் நிலைமை மேல். பன்னிரண்டு சொல்லாவது இருக்கட்டும். ஆனால் தமிழில் இதற்கு ஒரு குறை உண்டு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராதவை என்று இலக்கணமே சொல்கிறது. அதனால் முதலெழுத்துகள் க, ப, ம, வ, த என்று ஒரு சிறு கூட்டத்துக்குள்ளேயே சுற்றும். ஆங்கில வாக்கியத்தைவிடச் சாத்தியங்கள் குறைவு, திருடன் யூகிப்பது எளிது.

மூன்றாவது, என் மனதுக்குப் பிடித்தது. ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் 1995இல் வகுத்த டைஸ்வேர். 7776 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல், ஒரு பகடை. ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்கம் வரும், அந்த எண்ணுக்கு நேரே ஒரு சொல். இப்படி எடுத்த சில சொற்களை வரிசையாகக் கோத்தால் அதுதான் பாஸ்வேர்டு. (தாயக்கட்டை உதவாது, அதற்கு நாலு முகம்தான்.) பட்டியலில் விழும் ஒற்றைச் சொல்லே 7776இல் ஒன்று, குறளோ 1330இல் ஒன்று. இதைச் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

பேரனின் லூடோ பெட்டியிலிருந்து பகடையை எடுத்து, சத்தம் வராமலிருக்கத் தாம்பாளத்தில் துண்டு விரித்து இருபத்தைந்து முறை உருட்டினார். வந்த சொற்களை இங்கே எழுதக் கூடாது. மாதிரிக்கு ஆமை, கரண்டி, ரயில், முள், தொப்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியைக் கவ்விய ஆமை ரயிலேறுகிறது, சீட்டில் முள், முள்ளில் மாட்டிய தொப்பி. இந்தப் படம் மறக்காது. நடுவில் ஒரு சொல் பிடிக்கவில்லை, மாற்றலாமா என்று கேட்டார். கூடாதென்று பிடிவாதமாகச் சொன்னேன். பிடித்த சொல்லைத் தேடத் தொடங்கினால் மறுபடி பேரன் பெயரில்தான் போய் நிற்போம்.

எத்தனை சொல் போதும்? பாஸ்வேர்டுகளை உருமாற்றி மறைக்கும் பழைய எம்டி5 முறையில் ஒரு தளம் சேமித்த கோப்பு திருடுபோனால், விளையாட்டுக்கென விற்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே நொடிக்குப் பத்தாயிரம் கோடி யூகங்களைச் சோதிக்கும். அந்த வேகத்தில் எட்டுச் சின்ன எழுத்துகளின் எல்லாச் சேர்க்கையும் இரண்டு நொடியில் தீரும். பெரிய எழுத்தும் எண்ணும் குறியீடும் கலந்து குருட்டாம்போக்கில் எடுத்த எட்டு எழுத்து சுமார் 18 மணி நேரம் தாங்கும். நாலு பகடைச் சொல் 10 மணி நேரம்தான், ஐந்து என்றால் 9 ஆண்டு, ஆறு என்றால் 70,000 ஆண்டு. பலரும் நாலு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்துக்குக் குறையாதீர்கள்.

தமிழ்ச் சொற்களையே வைக்கலாமா என்பது நியாயமான ஆசை. ஆங்கில எழுத்தில் அடித்தால் ‘வாழை’யின் ழகரத்துக்கு இன்று ஒன்று, நாளை ஒன்று என்று கை மாறும். சொல் நினைவிருந்தும் கணக்கு திறக்காது. யுனிகோடில் தமிழாகவே அடித்தால், ‘கொ’ என்ற ஒரே எழுத்தை இரண்டு விதமாகக் குறியிட முடியும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பல தளங்கள் ஏற்பதும் இல்லை. ழ, ள, நெடில் குழப்பம் இல்லாத சொற்களாகப் பட்டியலைத் தயாரித்தால் மட்டும் முயலுங்கள்.

நாற்பது கணக்குக்கு நாற்பது ஆமைக் கதை யாராலும் முடியாது. பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் கீபாஸ், பிட்வார்டன் போன்ற பெட்டக மென்பொருள்கள் அதற்குத்தான். மின்னஞ்சலுக்கு ஒன்று, பெட்டகத்துக்கு ஒன்று என இரண்டு பகடைத் தொடர் மனப்பாடம் இருந்தால் மற்றதைப் பெட்டகமே உருவாக்கி வைத்துக்கொள்ளும்.

அத்தை இரண்டு வாரம் தினமும் ஒருமுறை கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி அடித்துப் பழகினார். அவசரத்துக்கு ஒரு நகல் பீரோவில், மாமாவின் பழைய டைரிக்குள் இருக்கிறது. ரேஷன் கார்டு உறையில் இப்போது ரேஷன் கார்டு மட்டும்தான்.