நின்றால் மட்டும் சூடேறும் இன்ஜின்: ஒன்பது ஆண்டு ஓட்டியதில் தெரிந்துகொண்டது

இந்த பெட்ரோல் காரை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். மீட்டர் 1,20,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இத்தனை காலத்தில் என்னை உண்மையிலேயே கலங்கடித்த கோளாறு ஒன்றுதான். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வெப்ப முள் பாதியில் அசையாமல் நிற்கும். சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் மெல்ல மேலேறும். கிளம்பிச் சற்று தூரம் போனதும் தானாகவே இறங்கிவிடும்.

முள்ளுக்கு முன்பே ஏ.சி. எச்சரித்திருந்தது. வண்டி நிற்கும்போது குளிர்ச்சி குறையும், நகர்ந்ததும் திரும்பிவிடும். கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்து இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலண்ட்) ஆறவைக்கும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. இரண்டையும் குளிர்விப்பது ஒரே காற்றுதான். அப்போதே இதை யோசித்திருக்க வேண்டும்.

பணிமனையில் முதலில் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடானதும் திறந்து கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, மாற்றினார்கள். அடுத்து ரேடியேட்டர் மூடியை மாற்றினார்கள். பலனில்லை. தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடலாம் என்றபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் தனக்குத் தேவையான சூட்டுக்கு வருவதற்கே திணறும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். மேலும், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருந்தால் ஓடும்போதும் அல்லவா சூடேற வேண்டும்?

ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் மின்விசிறியின் தலையில் விழுகிறது. அதனால் முதல் சந்தேகம் விசிறி மீதுதான் விழ வேண்டும். ஆனால் மெக்கானிக்கும் நானும் பானெட்டைத் திறந்து பார்த்து, "விசிறி சுற்றுகிறதே" என்று விட்டுவிட்டோம். அங்கேதான் ஏமாந்தோம்.

ஒரு நாள் இன்ஜினை ஓடவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, முன்புற கிரில்லில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்தேன். விசிறி சரியாக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். என் தாள் ஒரு நொடி தயங்கிவிட்டு நழுவி விழுந்தது. இன்ஜினை நிறுத்தி, விசிறியின் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்தோம். அப்போதும் சோம்பலாகவே சுற்றியது. நேரடி மின்சாரத்தில் வேகமாகச் சுற்றியிருந்தால் ரிலே (விசிறிக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), ஃபியூஸ், வயர் என்று தேட வேண்டியிருக்கும். இங்கே கோளாறு மோட்டாரிலேயே இருந்தது. பிரித்துப் பார்த்தால் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்கள் தேய்ந்து, கரிப்பொடி உள்ளெங்கும் படிந்திருந்தது.

விசிறியைக் கழற்றியதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சிகளும் சேர்ந்து கம்பளி போல அப்பியிருந்தன. முன்னாலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. தண்ணீரை மெதுவாக, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் பாய்ச்சிக் கழுவினோம். அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு, போய்விட்டதோ என்ற பயமும் எனக்கு இருந்தது. ஆனால் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை: கூலண்ட் குறையவில்லை, தொட்டியில் குமிழி வரவில்லை, எண்ணெய் பால் நிறமாகவில்லை, புகையும் வெள்ளையாக இல்லை. அதனால் அந்தப் பெரிய வேலையில் கைவைக்க விடவில்லை.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். விசிறியின் அருகிலும் கைவைக்காதீர்கள், இன்ஜின் நின்ற பிறகும் அது திடீரென்று சுற்றலாம்.

புது மோட்டார் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வெயில் நேரத்து நெரிசலில், ஏ.சி. ஓட அரை மணி நேரம் நின்றாலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை. இன்ஜின் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பானெட்டை மூடுகிறேன்.