என் 84 மாடல் போர்ஷே 944: ஒன்பது புகைச் சோதனைகளும் ஒரு ரம்பொடை இறக்கமும்

தலவாக்கலை டவுனில் இந்த வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் ரெண்டு பேராவது வந்துவிடுவார்கள். முதல் கேள்வி விலை. அடுத்தது, "இந்தப் பழசுக்கு எப்படிண்ணே வருஷா வருஷம் லைசன்ஸ் எடுக்குறீங்க?" விலையை நான் யாருக்கும் சொல்வதில்லை, வீட்டுக்குத் தெரிந்துவிடும். லைசன்ஸ் கதையைத் தாராளமாகச் சொல்லலாம், அதற்கு வண்டி முதலில் புகைச் சோதனையில் பாஸாகவேண்டும்.

வண்டியைப் பற்றி முதலில் கொஞ்சம். இரண்டரை லிட்டர், நாலு சிலிண்டர், 163 குதிரைத்திறன். எஞ்சின் முன்னால், கியர்பொக்ஸ் பின்னால். அதனால் பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமம். கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும் வளைவுகளில் அந்தச் சமம் கையில் தெரியும். பெயர் போர்ஷே என்றாலும் இதைப் பூட்டியது நெக்கார்சுல்மில் இருக்கும் அவுடி தொழிற்சாலையில். 1982 முதல் 1991 வரை ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், ஆகவே உலகத்துக்கு இது அபூர்வமில்லை. எங்கள் பக்கத்து மலையில் மட்டும் இன்னொன்றை நான் கண்டதில்லை. பின் சீட்டு பிள்ளைகளுக்கே போதாது. அம்மா ஒரு தடவை ஏறினார். இறங்கும்போது "கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குடா" என்றவர், அதற்குப் பிறகு பஸ்தான்.

2016ல் கண்டியில் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அன்றிலிருந்து ஒன்பது தடவை புகைச் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஏழு தடவை முதல் முறையிலேயே பாஸ். நாற்பது வயசு வண்டிக்கு இது நல்ல மார்க்ஸ் என்றுதான் சொல்வேன். ஃபெயிலான ரெண்டு தடவையும் வண்டியின் குற்றத்தைவிட மலையின் குற்றம் அதிகம்.

முதல் ஃபெயில் கார்பன் மொனொக்சைட்டில். எக்சோஸ்ட்டுக்குள் குழாயை விட்டு, எஞ்சின் சும்மா ஓடும்போது ஒரு தடவை, நிமிஷத்துக்கு 2500 சுற்றில் ஒரு தடவை என்று பார்ப்பார்கள். சும்மா ஓடும்போதே எண் எகிறிவிட்டது. எங்கள் மெக்கானிக் பாஸ், நானுஓயாப் பக்கத்துக்காரர், போனட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாத்தியா, இது கொழும்புல செட் பண்ணின வண்டி."

விஷயம் இதுதான். இந்த வண்டியில் காற்று போகும் வழியில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. உள்ளே போகும் காற்று அதை எவ்வளவு தள்ளுகிறது என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெற்றோலை அளக்கும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றை அந்தக் கதவு சரியாக எடை போடாது, இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். பெற்றோல் கூடும், கார்பன் மொனொக்சைட்டும் கூடும். புதிய வண்டி என்றால் எக்சோஸ்ட்டில் இருக்கும் ஒட்சிசன் சென்சர் பிழையைத் திருத்திவிடும். என்னுடையதில் அந்தச் சென்சரும் இல்லை, புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வர்ட்டரும் இல்லை. இருப்பது காற்றுப் பெட்டியில் கலவையைத் திருத்தும் ஒரு ஸ்க்ரூ மட்டும். 5 மில்லிமீட்டர் அலன் கீயால் கால் சுற்று வெளியே திருப்பினார் பாஸ். அடுத்த நாள் சோதனையில் வண்டி பாஸாகிவிட்டது. இப்போது கண்டிக்குக் கீழே நீண்ட பயணம் போவதானால் உள்ளே திருப்பிக்கொள்கிறேன், திரும்பி வந்ததும் வெளியே. எங்கள் தேயிலை பெக்டரியில் மழைக்காலத்தில் கொழுந்து வாட்டும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பது மாதிரி இதுவும் பழகிவிட்டது.

ரெண்டாவது ஃபெயில் ஹைட்ரோகார்பனில். பிளக் வயர்கள் வெடித்திருந்தன. எங்கள் பனி ஈரத்தில் காலையில் ஒரு சிலிண்டர் எரியாமலே பெற்றோலை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வயரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் மாற்றினேன், அத்தோடு தீர்ந்தது.

இன்னொரு தடவை ஃபெயில் இல்லை, அவமானம். சோதனை முடிந்து சான்றிதழைக் கையில் வாங்கியபின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் லொறிக்காரர் ஹோர்ன் அடிக்க, மூன்று பையன்கள் தள்ளி வெளியே விட்டார்கள். 944 வைத்திருக்கும் எவருக்கும் இந்த வியாதி தெரியும். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு ரிலே, பெற்றோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் தருவது அதுதான். சூட்டில் அதன் ஈயப் பற்று மயிரிழையாக வெடித்துவிடும். பஜாரில் டீவி ரிப்பேர் செய்யும் தம்பி அஞ்சு நிமிஷத்தில் திரும்பப் பற்றவைத்துக் கொடுத்தார், காசு கூட வாங்கவில்லை. வண்டியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கேட்டார், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல கதை. என் உண்மையான குறை வேறு.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், முதல் முறையிலேயே பாஸான ரெண்டு வாரத்தில், நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் மரக்கறி லொறி. லபுக்கெலை தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் பிரேக் பெடல் மெதுவாகத் தரைக்குப் போனது. ரெண்டாவது கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, லீக்ஸ் விற்கும் கடை ஓரமாக ஒருவழியாக நிறுத்தினேன். கை நடுங்கியது நிற்கப் பத்து நிமிஷமானது. பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரம் குடித்த ஒயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் குமிழி வரும், பிறகு மிதிப்பது குமிழியைத்தான். பாஸ் குப்பியைத் திறந்து காட்டியபோது ஒயில் சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஆறு மாசத்துக்கு முன் ஒரு கராஜில் அதை மாற்றியதாகக் காசு கட்டியிருந்தேன். மாற்றம் பில்லில் மட்டும்தான் நடந்திருக்கிறது.

நம் நாட்டில் லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் என்று தனியாக இருக்கிறது. சொந்தக் காருக்குப் புகையும் இன்சூரன்சும் இருந்தால் லைசன்ஸ் வந்துவிடும். பிரேக்கை யாரும் மிதித்துப் பார்ப்பதில்லை. இதே வண்டி ஜெர்மனியில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக், ஸ்டியரிங், துரு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டும். பிரிட்டனில் வருஷத்துக்கு ஒரு தடவை, ஆனால் 40 வயசு தாண்டினால் அங்கேயும் விட்டுவிடுகிறார்கள். அதை வாசித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை.

அதனால் இப்போது எங்கள் சோதனையை நாங்களே வைத்துக்கொள்கிறோம். தென்மேற்கு மழை ஓய்ந்ததும் பிரேக் ஒயில் மாற்றம், பாஸ் குப்பியில் ஊற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். எஞ்சினுக்கு மேலே ஓடும் ரப்பர் பெற்றோல் குழாய்களை விரலால் மடித்துப் பார்ப்போம். வெடிப்பு ஒன்று தெரிந்தாலும் மாற்றம்தான், சூடான எஞ்சினில் பெற்றோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு பெல்ட். பெக்டரியில் ரோலர் பெல்ட் அறுந்தால் கொழுந்து ஒரு மணித்தியாலம் காத்திருக்கும், திட்டு வாங்குவோம். இதில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும், எஞ்சின் போய்விடும். நாலு வருஷத்துக்கு மேல் ஒரு பெல்ட்டை நான் விடுவதில்லை, ஓடியது ஆயிரம் கிலோமீட்டராக இருந்தாலும். பெல்ட்டின் இழுவையைச் சரிபார்க்கத் தனிக் கருவி வேண்டும். கொழும்பில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கேட்டால் கடைக்காரர்கள் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். டுபாயில் இருக்கும் மச்சான்தான் கொண்டுவந்தான்.

ஆகவே, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: புகைக்குப் பயப்படாதீர்கள், அலன் கீயோடு பாஸாகிவிடும். தினமும் வேலைக்குப் போக வேண்டாம். ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் பார்க்கப் போகும்போது ஓட்டிப்போங்கள், அதுவே போதும். விற்க வருபவர் முதலில் புகைச் சான்றிதழைத்தான் நீட்டுவார். அதை வாங்கி ஓரமாக வையுங்கள், பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். "எப்ப மாத்தினேன்னு ஞாபகம் இல்லயே தம்பி" என்றால், சொல்லும் விலையில் ஒரு எஞ்சின் காசைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.