பதிக்க வாங்கினது, உயர்த்தி ஓடுது: மலை ரோட்டில் ஒரு கொயில்ஓவர் செட்

என் வண்டி 2011 சுஸுகி ஸ்விஃப்ட், 1.2 என்ஜின். கிழமை நாளில் ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு வேலைக்குப் போய்வரும். ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைக்கு மேலே அம்மா இருக்கிற தோட்டத்துக்கு ஏறும். வேலைக்குப் போகிற ஏ7 ரோட்டு கார்ப்பெட் போட்டது, அதாவது வழவழப்பான தார் ரோடு, வளைவுக்குப் பின்னால் வளைவு. தோட்டத்து ரோட்டோ துரைமார் குதிரையில் போன காலத்தில் கல் அடுக்கினது. அதற்குப் பிறகு கொழுந்து லொறியின் டயர்தான் அதைத் ‘திருத்தி’ வருகிறது. ஒரே வண்டி இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தபோது புது வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு, இருக்கிறதையே பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்த ஆயிரம் பேரில் நானும் ஒருவன். அப்போது வண்டி 1,60,000 கிலோமீற்றர் தாண்டியிருந்தது. குலுக்கலை அடக்குகிற முன் ஷொக் இரண்டிலும் எண்ணெய் கசிவு. டெவோன் நீர்வீழ்ச்சிப் பக்க வளைவுகளில் வண்டி படுத்து, எழும்ப மனமில்லாமல் எழும்பும். பிரேக் பிடித்தால் மூக்கு தரையைப் பார்க்கும்.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் ரீகண்டிஷன் கொயில்ஓவர் செட் ஒன்றைப் பார்த்தேன். ஷொக்கைச் சுற்றியே ஸ்பிரிங் நிற்கிற, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய செட்டுக்குத்தான் அந்தப் பேர். ஜப்பானில் கழற்றினது, பச்சைப் பெயின்ட் பளபளப்பு, விலை பாதி. நாலே மாதத்தில் வலது முன்பக்கம் எண்ணெயைக் கக்கிவிட்டது. கடைக்காரர், “சேர், செகண்ட்ஹேண்ட் சாமானுக்கு ஏது கெரண்டி?” என்றார். நியாயம்தான். ஷொக்குக்குள் இருக்கிற சீல் தேய்ந்ததா இல்லையா என்பதைப் பெயின்ட் காட்டாது. அதனால் ஓடின கொயில்ஓவர் வாங்குவதைப் பற்றி என் அபிப்பிராயம் ஒரே சொல்: வேண்டாம்.

இரண்டாம் தடவை புதுசு வாங்கினேன். தாய்வான் தயாரிப்பு. குறைகளையும் எழுதப்போவதால் பேரை விட்டுவிடுகிறேன். ஜப்பானின் டெயின் கொம்பனியின் ஃப்ளெக்ஸ் இசட்டையும் விசாரித்தேன்; அதில் 16 கிளிக் (ஷொக்கின் இறுக்கத்தை மாற்றுகிற குமிழின் படிகள்), உயரத்தைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் என் பட்ஜெட்டுக்குள் வரவில்லை. நான் எடுத்ததில் 24 கிளிக். முன் ஸ்பிரிங் மில்லிமீற்றருக்கு 4 கிலோ, பின் 3 கிலோ. அதாவது முன் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமுக்க 4 கிலோ பாரம் வேண்டும். வண்டியோடு வந்த கொம்பனி ஸ்பிரிங் இதைவிட நல்ல மெது. செட்டுக்கு 3,40,000 ரூபா, பூட்டுகூலி 18,000.

பெட்டியைப் பிரித்தபோது ஒரு விஷயம் கூட்டாளிகளுக்கு ஏமாற்றம். ஸ்விஃப்டில் முன்பக்கம்தான் ஷொக்கைச் சுற்றி ஸ்பிரிங் நிற்கும். பின்னால் ஸ்பிரிங் வேறு, ஷொக் வேறு. ஸ்பிரிங்கின் கீழ் இருக்கைக்கு மரை போட்ட ஒரு துண்டு கொடுத்திருப்பார்கள், அதைத் திருகித்தான் உயரம் மாறும். “இதுக்கா கொயில்ஓவர்னு பேரு?” என்று கேட்டான் ஒருவன். வண்டியே அப்படித்தான் செய்தது, செட் செய்தவன் என்ன பண்ணுவான்?

பூட்டியது கொட்டகலையில் ஒரு மெக்கானிக் பாஸ். கராஜுக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. காலை எட்டுக்குப் போனேன், சாயங்காலம் ஐந்துக்கு வெளியே வந்தேன். அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. பின் ஷொக்கின் கீழ் புஷ் போல்ட்டை வண்டி தூக்கி நிற்கும்போது இறுக்கவில்லை. கையால் பிடித்துவிட்டு, வண்டியை இறக்கி, பாரம் டயரில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டார். “தூக்கி வச்சு இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும் தம்பி, ஆறு மாசத்துல கிழியும்.” எத்தனை கராஜில் இதைச் செய்கிறார்கள்?

ஆனால் உயரம் விஷயத்தில், கொஞ்சமாகப் பதித்தால் போதும் என்ற அவர் பேச்சை நான் கேட்கவில்லை. சித்திரை சீசனில் மஹகஸ்தொட்ட, ரதெல்ல மலையேற்றப் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். வண்டி என்றால் தரையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பது சின்ன வயசிலிருந்தே கண்ணுக்குப் பழகினது. “நாற்பது மில்லிமீற்றர் பதிங்க” என்றேன். பாஸ் ஒரு பார்வை பார்த்தார், பதித்தார்.

தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பின்னால் வைத்து எடுத்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழகு, மறுக்கவில்லை. ஓட்டத்தில்தான் கோளாறு. இவ்வளவு இறுக்கமான ஸ்பிரிங் போட்டும் வளைவில் நான் எதிர்பார்த்த அளவுக்கு வண்டி நிமிர்ந்து நிற்கவில்லை. காரணத்தைப் பிறகுதான் பாஸ் தரையில் சோக்கட்டியால் கீறிக் காட்டினார். இந்த மாதிரி முன் சஸ்பென்ஷனில் வண்டியைக் கூடப் பதித்தால் கீழ் ஆர்ம் டயர்ப் பக்கம் மேல்நோக்கிச் சரிந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டி இறங்கின அளவைவிட அதிகமாக இறங்கிவிடும். அப்போது வண்டியின் பாரத்துக்கு நெம்ப இன்னும் நீளமான கம்பி கிடைத்த மாதிரி. ஸ்பிரிங்கில் சம்பாதித்ததில் ஒரு பங்கை உயரத்தில் தொலைத்திருந்தேன்.

மிச்சத்தைத் தோட்டத்து ரோடு வாங்கிக்கொண்டது. பின் ஷொக் அமுங்க இடமே இல்லை, ஒவ்வொரு கல்லுக்கும் உள்ளே இருக்கிற தடுப்பு ரப்பரில் போய் ‘தக்’ என்று அடிக்கும். கோயிலைத் தாண்டின திருப்பத்தில் குறுக்கே போகிற தண்ணீர்க் கானில் அடிப்பக்கம் உரசிய சத்தம் லயத்து நாய்களையெல்லாம் எழுப்பியது. முப்பது வருஷம் கொழுந்துக்கூடை சுமந்த முதுகு அம்மாவுக்கு. மேலே கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ஏன்டா, இதுக்கா மூணரை லட்சம் குடுத்த?” என்றார். நான் 3,40,000தான் சொல்லியிருந்தேன். பூட்டுகூலியையும் எப்படியோ கணக்கில் சேர்த்துவிட்டார்.

வீல் எலைன்மென்ட் செய்யாமல் மூன்று கிழமை ஓடினது என் பிழை. உயரம் மாறினால் டயர் பார்க்கும் திசையும் மாறும் என்று தெரிந்தே தள்ளிப்போட்டேன். முன் டயர் இரண்டும் உள்பக்கமாக மொட்டையாகிவிட்டன. பிறகு ஒரு டயர்க் கடையில் எலைன்மென்ட் செய்தேன், ஸ்டியரிங் கோணலாக வந்தது. திரும்பப் போனால் “ரோட்டு சரிவு சேர்” என்கிறார்கள். மலையில் எல்லா ரோடும் சரிவுதான், அதற்காக ஸ்டியரிங் பத்து மணியில் நிற்குமா? வேறு கடையில் மறுபடி காசு கொடுத்துச் சரிபண்ணினேன். ஒவ்வொரு முறை உயரத்தில் கை வைக்கும்போதும் இந்தச் செலவு இருக்கிறது என்பதை வாங்குகிறவர்கள் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி நல்லது. பாஸிடம் போய், “நீங்க சொன்ன மாதிரியே வைங்க” என்றேன். பழைய உயரத்திலிருந்து 15 மில்லிமீற்றர் மட்டும் கீழே. இந்தச் செட்டில் முன்பக்கம் உயரத்தைக் கீழ் பிராக்கெட்டில் திருகி மாற்றலாம், ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். அதனால் வண்டி எந்த உயரத்தில் நின்றாலும் முன் ஷொக்கின் ஓட்டம் குறையாது. விலை குறைந்த செட்டுகளில் முன்பக்கமும் ஸ்பிரிங் இருக்கையைத் திருகித்தான் உயரம் மாற்றுவார்கள். வாங்குமுன் இதை ஒன்றைக் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அந்த உயரத்தில் வண்டி வேறு பிறவி. நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுகிற வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினதும் மூக்கு திரும்புகிறது. முன்பு திருப்பி, காத்திருந்து, பிறகு திரும்பும். கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் தூக்குவதில்லை. சிவனொளிபாதமலை சீசனில் ஐந்து பேரோடும் பையோடும் நல்லதண்ணிக்குப் போனோம், பின்பக்கம் உட்காரவில்லை.

கிளிக் எண்ணுகிற முறை: ஷொக்கின் தலையில் இருக்கிற குமிழை முழுக்க இறுக்கிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஏ7க்கு முன்னால் 12, பின்னால் 14. தோட்டத்துக்கு ஏறுமுன் நோர்வூட்டில் நிறுத்தி நாலையும் 21க்குத் தளர்த்துவேன். முன் இரண்டும் பொனட்டைத் திறந்தால் கைக்கு எட்டும். பின் இரண்டும் கையை நுழைத்துத் தடவித் தேட வேண்டியவை, மழை நாளில் எரிச்சல். 24 கிளிக் என்று பெருமையாக எழுதியிருந்தாலும் ஒன்றிரண்டு கிளிக்கில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நாலு நாலாக மாற்றினால்தான் உடம்பு உணர்கிறது. அம்மாவுக்கு 21 பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. கைப்பிடியை ஒரு கையால் மட்டும் பிடிக்கிறார்.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். மலை சரிந்து ரோட்டை எடுத்துக்கொண்டு போன இடங்களைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை. வண்டிக் கதையை மட்டும் சொல்கிறேன். கார்ப்பெட் ரோட்டிலேயே மண்ணும் கல்லும், தற்காலிகமாகக் கொட்டின கிரவல் பாதையும். தோட்டத்துக்கு ஏறுகிற வழியில் பாதித் தூரம் கான் எது, ரோடு எது என்று தெரியாது. பாஸிடம் போய் வண்டியை உயர்த்தினோம், கொம்பனி உயரத்துக்கு மேலே 10 மில்லிமீற்றர். பதிக்கிறதற்கென்று காசு கட்டின சாமான் அது. பிராக்கெட்டுக்குள் போதுமான மரை பிடித்திருக்க வேண்டும், அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. நாங்கள் அதற்கு இந்தப் பக்கமே நின்றோம். அந்த உயரத்தில் அம்மாவுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுபோக முடிந்தது. கூட்டாளி ஒருவனின் பதித்த வண்டி, ஸ்பிரிங்கை வெட்டிப் பதித்தது, ஹட்டனிலேயே நின்றது. வெட்டின ஸ்பிரிங் வளராதே.

குறை சொல்லாமல் விட முடியாதவை இரண்டு. ஒன்று, மரையில் சேறு. நம் செம்மண்ணும் மூடுபனி ஈரமும் சேர்ந்தால் சிமெந்து மாதிரிப் பிடித்துவிடும். உயர்த்துகிற அன்று இடது முன் வளையம் அசையவில்லை. கூடக் கொடுத்த வளைந்த ஸ்பேனரின் பல்லே வளைந்தது. பாஸ் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, ஒரு பிளேன்டீ குடித்து வந்த பிறகுதான் அசைந்தது. இப்போது மாதம் ஒரு முறை கழுவி, கிரீஸ் தடவுகிறேன். இரண்டு, நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் முதல் ஐந்து நிமிஷம், ஷொக்கின் தலையை வண்டியோடு பிடிக்கிற மேல் ரப்பரிலிருந்து ஒரு கிறீச். நல்ல வேளை, இது ரப்பர் தலை. உருண்டை பெயாரிங் வைத்த தலையை எடுத்திருந்தால் இந்த மழைக்கும் சேற்றுக்கும் சத்தம் இதோடு நின்றிருக்காது.

தினமும் கொழும்பு–கண்டி கார்ப்பெட்டில் மட்டும் ஓடுகிறவருக்கு இந்தச் செலவு எதற்கு? புது கொம்பனி ஷொக் நாலு போட்டாலே வண்டி நிமிரும், காசும் மிஞ்சும். என்னைப் போல இரண்டு விதமான ரோட்டிலும் கிழமைக்குக் கிழமை மாட்டுப்படுகிறவர் என்றால், உயரம் தனியாக மாறுகிற செட்டாகப் பார்த்து வாங்கலாம்.

டேஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன், ஒவ்வொரு மாற்றத்தையும் திகதியோடு எழுத. கடைசியாக எழுதினது இது: “முன் +10, பின் +10. தோட்டம் 21, ரோட்டுக்கு 13. இடது மேல் ரப்பர் கிறீச், பாஸிடம் காட்ட. அம்மா முன் சீட்டில் தூங்கினார், நோர்வூட் வரை.”