லெனர்ட் ஸ்கினர்டின் முதல் ஆல்பம்: பல வருடங்கள் கேட்ட பிறகு

அமெரிக்கத் தென் மாநிலங்களின் ராக் இசையான சதர்ன் ராக் என்றதும் பலருக்கு நினைவு வருவது வெயில், பீர், மனம் போனபடி நீளும் கிட்டார். லெனர்ட் ஸ்கினர்ட் என்ற இசைக்குழுவின் 1973 ஆல்பத்தை நான் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். கேட்கக் கேட்க எனக்கு உறுதிப்பட்டது இதற்கு நேர் எதிரான ஒன்று. இந்த 43 நிமிடங்களில் மனம் போனபடி வாசித்தது என்று சொல்ல அநேகமாக எதுவுமே இல்லை. தளர்வாகக் கேட்கும் இடங்கள்கூட முன்கூட்டியே தீர்மானித்தவை. இத்தனை முறை கேட்டும் இது தேயாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இவர்கள் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லைச் சேர்ந்தவர்கள். பாடகர் ரானி வான் ஸான்ட், கிட்டாரில் கேரி ராஸிங்டனும் ஆலன் காலின்ஸும், ட்ரம்ஸில் பாப் பர்ன்ஸ். பள்ளியில் நீள முடிக்காகப் பையன்களைக் கண்டித்த உடற்பயிற்சி ஆசிரியர் லெனர்ட் ஸ்கின்னரின் பெயரைத் திரித்து இசைக்குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு அருகே தகரக் கூரை போட்ட ஒரு சிறு வீட்டில் ஒத்திகை. உள்ளே கொதிக்கும் வெக்கைக்காக அதற்கு ‘ஹெல் ஹவுஸ்’ என்றே பெயர். ஒரு பாட்டை எடுத்தால் அது முழுதாகப் படியும்வரை விடமாட்டார் வான் ஸான்ட். பாடல் வரிகளை அவர் காகிதத்தில் எழுதியதில்லை; மறந்துபோகிற வரி பாடத் தகுதியில்லாதது என்பது அவர் கட்சி.

அட்லாண்டாவின் ஒரு கிளப்பில் இவர்களைக் கேட்டு, எம்.சி.ஏ. இசை நிறுவனத்தின் கீழ் தான் தொடங்கிய ‘சவுண்ட்ஸ் ஆஃப் தி சவுத்’ லேபிளுக்கு எடுத்தவர் தயாரிப்பாளர் ஆல் கூப்பர். ஜார்ஜியாவின் டோராவில்லில் இருந்த ஸ்டூடியோ ஒன்னில் 1973 வசந்தத்தில் பதிவு நடந்தது. வந்தவர்கள் ஸோலோக்களை, அதாவது தனி வாசிப்புகளைக்கூட, நோட் நோட்டாக முடிவுசெய்துகொண்டு வந்திருந்தார்கள் என்று கூப்பர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது தெரிந்த பிறகு இந்த ஆல்பத்தை நான் கேட்கும் விதமே மாறியது.

நல்ல ஹெட்போனில் ‘ஐ எய்ன்ட் தி ஒன்’ போட்டுப் பாருங்கள். ஒரு கிட்டார் நிறுத்தும் இடத்தில்தான் இன்னொன்று பேசும். இரண்டு பேர் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும் தருணம் வருவதே இல்லை. அடியில் ஓடும் பேஸ் கிட்டாரையும் தனியாகக் கேளுங்கள். பேஸ் வாசிப்பவரான லியான் வில்க்கிசன் பதிவுக்குச் சற்று முன்பு விலகிவிட, பெரும்பாலான பாடல்களில் பேஸ் வாசித்தவர் எட் கிங். அவர் அடிப்படையில் கிட்டார்காரர். அதனால் இங்கே பேஸ் தாளத்தை மட்டும் தாங்கி நிற்காமல், தனக்கென ஒரு மெட்டோடு நகர்கிறது. வில்க்கிசன் திரும்பிவந்ததும் கிங் கிட்டாருக்கு மாறினார். இந்தக் குழுவின் புகழ்பெற்ற மூன்று கிட்டார் அமைப்பு அப்படித்தான் உருவானது.

‘டியூஸ்டேஸ் கான்’ ஏழரை நிமிடம். கூப்பர் மெல்லோட்ரான் என்ற கீபோர்டில் சேர்த்த தந்திவாத்திய ஒலி எனக்கு இன்றும் சற்று அதிகம்தான். அது இல்லாமலேயே இந்தப் பாட்டுக்குத் துக்கம் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் பில்லி பாவெலின் பியானோ வரும்போது அந்தக் குறை நினைவில் நிற்பதில்லை. குழுவின் சாமான் தூக்கி, மேடை கட்டும் வேலையில் இருந்தவர் பாவெல். ஒரு பள்ளி நடன நிகழ்ச்சியில் ‘ஃப்ரீ பேர்ட்’டுக்கு அவராக ஒரு பியானோ முன்னிசை வாசித்துக் காட்ட, வான் ஸான்ட் அவரைக் குழுவிலேயே சேர்த்துக்கொண்டார்.

‘சிம்பிள் மேன்’ பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். கிட்டார் பழகும் எவரும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் பாட்டு. மூன்றே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), அரைச் சுரம் இறக்கிய ட்யூனிங், சரணங்களில் ஒரே விரல் ஓட்டம். நானும் வாசிக்கிறேன். சிரமம் எங்கே என்றால், மாறாத அந்த மூன்று கார்டை வைத்து ஆறு நிமிடம் ஏறிக்கொண்டே போக வேண்டும். பதிவில் அந்த ஏற்றத்தில் ட்ரம்ஸுக்கும் குரலின் அழுத்தத்துக்கும் பெரும் பங்கு.  வான் ஸான்டின் பாட்டியும் ராஸிங்டன் வீட்டில் ஒரு மூத்தவரும் மறைந்த துக்கத்தில் பிறந்த பாட்டு இது. மகனுக்கு அம்மா சொல்லும் புத்தியாக வரிகள் அமைந்திருக்கின்றன. கூப்பருக்கு இது பிடிக்கவில்லை, ஆல்பத்தில் வேண்டாம் என்றார். வான் ஸான்ட் அவரை வெளியே கூட்டிப்போய் அவருடைய காரில் உட்காரவைத்து, முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்து பதிவுசெய்தார் என்பது எட் கிங் சொன்ன கதை. பாட்டில் ஒலிக்கும் ஆர்கன் அதே கூப்பர் வாசித்ததுதான்!

‘கிம்மி த்ரீ ஸ்டெப்ஸ்’ ஜாக்சன்வில் பார் ஒன்றில் வான் ஸான்டுக்கு நேர்ந்த துப்பாக்கி மிரட்டலிலிருந்து வந்தது. பாபி ஹாலின் தாளவாத்தியம் அந்த ஓட்டத்துக்குத் தோதாக நிற்கிறது. ‘பாய்சன் விஸ்கி’ மட்டும் வருடங்கள் போனாலும் என்னிடம் ஒட்டவில்லை. ‘மிசிசிப்பி கிட்’டில் மாண்டலினும் ஹார்மோனிகாவும் காதுக்கு ஒரு மாறுதல், அவ்வளவுதான்.

அதிகம் பேசப்படாத ‘திங்ஸ் கோயின் ஆன்’ எனக்கு இப்போது மிக முக்கியமான பாட்டு. ஏழைகள் வாழும் பகுதிகளைக் கண்டுகொள்ளாமல் நிலவுக்குப் போகக் காசு கொட்டும் அரசைக் கேள்வி கேட்கிறது. துள்ளும் பியானோவோடு கோபம் வருவதால் முதலில் கேட்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள். பின்னாளில் இந்தக் குழுவின் மேடையில் தொங்கிய தென் மாநிலக் கூட்டமைப்புக் கொடி பலரை இவர்களிடமிருந்து விலக்கியது. அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் கொடி அது. விலகியவர்களிடம் எனக்குப் பூரண உடன்பாடு. ஜோன்ஸ்பரோ தெருவில் குழு நிற்கும் இந்த முதல் அட்டையில் அந்தக் கொடி இல்லை. இந்தப் பாட்டைப் பாடிய குழு அதை எடுத்திருக்கவே வேண்டாம் என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை.

கடைசியில் ‘ஃப்ரீ பேர்ட்’, ஒன்பது நிமிடத்துக்கு மேல். கிளப்புகளில் ஓர் இரவில் பல முறை மேடையேறிய காலத்தில், வான் ஸான்டின் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கத்தான் பின்பாதி நீட்டப்பட்டது. முன்பாதியில் ராஸிங்டனின் ஸ்லைடு கிட்டார் (தந்திமேல் ஒரு குழாயை நகர்த்தி வாசிப்பது). வேகம் பிடித்தபின் மூன்றே கார்ட் சுழல, அதன்மேல் ஆலன் காலின்ஸ். ஒரே ஸோலோவை இரண்டு முறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறார். அது சாத்தியப்பட்டதே ஒவ்வொரு நோட்டும் அவர் விரலில் மனப்பாடமாக இருந்ததால்தான். பல வருடம் கேட்டபின் எனக்கு இதில் பிடித்தது வேகம் அல்ல. ஒரு சொற்றொடரைத் திரும்பத் திரும்ப வாசித்து, இனி தாங்காது என்கிற கணத்தில் அடுத்ததற்குத் தாவும் அந்தக் கணக்குதான். சுருக்கிய வடிவம் 1975 ஜனவரியில் பில்போர்ட் பாடல் தரவரிசையில் 19ஆம் இடம்வரை போனது. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். முன்பாதியின் நிதானம் குறைந்தால் பின்பாதிக்கு அர்த்தமில்லை.

1977 அக்டோபர் 20 அன்று மிசிசிப்பியில் இவர்களுடைய விமானம் விழுந்தது. அதில் இறந்த வான் ஸான்டுக்கு வயது 29. கேரி ராஸிங்டன் 2023 மார்ச்சில் காலமானபோது, குழுவைத் தொடங்கியவர்களில் கடைசியானவரும் போய்விட்டார். அன்று நான் போட்டுக் கேட்டது ‘சிம்பிள் மேன்’.

புதிதாகக் கேட்க நினைப்பவர்களுக்கு: எல்.பி. இசைத்தட்டில் முதல் பக்கம் ‘சிம்பிள் மேன்’ பாட்டோடும், இரண்டாம் பக்கம் ‘ஃப்ரீ பேர்ட்’ பாட்டோடும் முடியும். செயலியில் கேட்டாலும் நான்காம் பாட்டுக்குப் பிறகு சற்று நிறுத்திவிட்டுத் தொடருங்கள். 2001 மறுவெளியீட்டில் டெமோ பதிவுகளை (ஆல்பத்துக்கு முன் செய்த மாதிரிப் பதிவுகளை) பின்னால் சேர்த்திருக்கிறார்கள். எட்டுப் பாட்டும் நன்றாகப் பழகிய பிறகு அவற்றுக்கு வாருங்கள். அந்த டெமோவில் இருக்கும் ‘ஃப்ரீ பேர்ட்’டையும் ஆல்பத்தில் இருப்பதையும் அடுத்தடுத்துப் போட்டால், ஹெல் ஹவுஸில் நடந்த உழைப்பு உங்கள் காதுக்கே தெரியும்.